கடல் கடந்ததும் கைவிடும் சட்டம்

இராக்கின் மோசுல் நகரில் 2014-இல் கடத்தப்பட்ட 39 இந்தியர்களும் கொல்லப்பட்டுவிட்டனர் என்று 2018 மார்ச் 20-ஆம் தேதி மாநிலங்களவையில் அன்றைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அறிவித்தார். பஞ்சாப், இமாசலம், பிகார், மேற்கு வங்க மாநிலங்களில் நான்கு ஆண்டுகள் நம்பிக்கையோடு காத்திருந்த குடும்பங்களுக்கு அன்றுதான் விடை கிடைத்தது. உடல்களைக் கொண்டுவரச் சென்ற இணையமைச்சர் வி.கே. சிங் பின்னர் சொன்ன ஒரு தகவல் அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. சட்டவிரோத முகவர்கள் மூலம் சென்றதால் எந்தத் தூதரகத்திலும் அவர்களைப் பற்றிய பதிவு இல்லை என்பதே அது.

இந்த நிலை தற்செயலாக வந்ததல்ல. வெளிநாட்டு வேலைக்குச் செல்வோரைக் காக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். அதன் நடைமுறையில் பாதுகாப்பு யாருக்கு என்பதைத் தீர்மானிப்பது பள்ளிப் படிப்புதான். பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் 'இசிஆர்' என்ற குறிப்பு இருக்கும். அவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் ஒப்புதல் தேவை. தேறியவருக்கு அது தேவையில்லை. எனவே பதிவும் இல்லை.

ஆனால், அயல்நாட்டில் ஒரு தொழிலாளியின் கதியைத் தீர்மானிப்பது அவரது படிப்பல்ல, அவருடைய விசா யார் கையில் இருக்கிறது என்பதே. வளைகுடாவின் 'கஃபாலா' முறையில் வேலைக்கு அழைத்தவரே விசாவுக்கும் பொறுப்பாளர். சவூதி அரேபியாவில், தொழிலாளி ஓடிவிட்டார் என்று முதலாளி புகார் செய்துவிட்டால் அவர் சட்டவிரோதக் குடியேறி ஆகிவிடக்கூடும். 'ஹுரூப்' என்ற அந்தச் சொல்லைக் கேட்டு அஞ்சாத தொழிலாளி அங்கு அரிது. காகிதத்தில் மட்டும் முதலாளியாக இருப்பவரிடம் விலைக்கு வாங்கும் விசாவுக்கு 'ஃப்ரீ விசா' என்று பெயர் சூட்டியவர் யாரோ, நகைச்சுவை உணர்வு மிக்கவராக இருந்திருக்க வேண்டும். கத்தார் 2020-இலும் சவூதி 2021-இலும் வேலை மாறுவதற்கான கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது உண்மை. ஆனால், 2021-இன் சவூதிச் சீர்திருத்தத்தில் வீட்டுப் பணியாளர்களும் வீட்டு ஓட்டுநர்களும் சேர்க்கப்படவில்லை. அதிக ஆபத்தில் இருப்பவர்கள் அவர்கள்தாம்.

படிப்பு ஒரு கவசமல்ல என்பதை மத்திய அரசே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. குவைத்துக்குச் செவிலியர்களை அனுப்பிய நிறுவனமொன்று, அனுமதிக்கப்பட்ட 19,500 ரூபாய்க்குப் பதிலாகத் தலைக்கு 19.5 லட்சம் ரூபாய் வாங்கியதாக 2015-இல் கொச்சியில் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடுத்தது. குற்றம்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் அங்கிருந்த குடிபெயர்வோர் பாதுகாவலரே. வேலி பயிரை மேய்ந்ததாக எழுந்த அந்தப் புகாரின் சூட்டில், அந்த 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியர்களுக்கும் ஒப்புதல் கட்டாயமாக்கப்பட்டது. அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே ஆள்சேர்ப்பு என்றும் ஆணையிடப்பட்டது. பட்டம் பெற்ற செவிலியருக்குப் பொருந்தும் நியாயம் பத்தாம் வகுப்பு தேறிய வெல்டருக்கு ஏன் பொருந்தாது?

அந்த 18 நாடுகளுக்கு வெளியேயும் இதே முடிச்சு உண்டு. பிரிட்டனில் பராமரிப்புப் பணிக்கு ஆள் எடுத்த நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் உரிமத்தை இழந்தன. அவற்றை நம்பிச் சென்றவர்களுக்கு வேறு முதலாளியைத் தேட வழக்கமாகக் கிடைப்பது 60 நாள். 2025 ஜூலையில் அப்பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே பிரிட்டன் நிறுத்தியது. அமெரிக்காவில் எச்-1பி விசாவில் வேலை இழந்தவருக்கும் அதிகபட்சம் 60 நாள்தான். 2025 செப்டம்பரில் அந்த விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டபோது தில்லியில் எழுந்த பரபரப்பில் பத்தில் ஒரு பங்குகூட, மியான்மரின் இணைய மோசடிக் கூடங்களில் சிக்கிய இளைஞர்களுக்காக எழவில்லை. 2025 மார்ச்சில் இரு விமானப்படை விமானங்களில் 549 பேர் மீட்டு வரப்பட்டனர். அந்தக் கூடங்களில் சிக்குவோரில் பெரும்பாலோர் சுற்றுலா விசாவில் பாங்காக் சென்று இறங்குபவர்கள். சுற்றுலாப் பயணியைக் குடிபெயர்வுச் சட்டம் பார்ப்பதேயில்லை. பத்தாம் வகுப்பு தேறியிருந்தாலும் தேறாவிட்டாலும்.

ஏமாற்றிய முகவருக்குத் தண்டனை என்ன? 1983-இல் எழுதப்பட்டபடி இரண்டாண்டுச் சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும். பாதிக்கப்பட்டவரோ அவரது நெருங்கிய உறவினரோ புகார் கொடுத்தாலன்றி, வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். கிராமத்துக்கு வந்து பணம் வாங்குபவரோ பதிவு பெற்ற முகவரே அல்ல. அவர் துணை முகவர். சட்டத்தின் ஏடுகளில் இல்லாத மனிதர்.

இச்சட்டத்துக்கு மாற்றாக 2019, 2021 ஆண்டுகளில் வரைவு மசோதாக்கள் வந்தன. 2025 அக்டோபரில் மூன்றாவதாக ஒன்றை வெளியுறவு அமைச்சகம் வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. 'வெளிநாட்டு இடப்பெயர்வு, வசதியேற்பு, நலன்' என்ற பொருளில் நீளமான பெயர். நலனுக்கென ஒரு கவுன்சிலும் உண்டு. கவுன்சில்களுக்கு இங்கு எப்போதும் பஞ்சமிருந்ததில்லை. வெளிநாடுவாழ் இந்தியருக்கென 2004-இல் ஒரு தனி அமைச்சகமே தொடங்கப்பட்டு, 2016-இல் அது வெளியுறவு அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டது.

இன்று தேவைப்படுவது பொறுப்பு. பிலிப்பின்ஸ் நாட்டின் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிநாட்டு முதலாளி கூலி தராவிட்டால் அவரோடு சேர்ந்து உள்நாட்டு முகவரும் அந்தத் தொகைக்குப் பொறுப்பாளி. துபாயில் இருக்கும் முதலாளியை மணிலா நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. ஆனால் மணிலாவில் இருக்கும் முகவரிடம் வசூலிக்க முடியும். இந்த ஒரே ஏற்பாடு, கூலி கொடுக்காத முதலாளிகளை முகவர்களே ஒதுக்கத் தொடங்கும்படிச் செய்யும். இந்தியச் சட்டத்திலும் இதற்கு இடம் வேண்டும். வேலைக்கு அழைப்பவர் கையில் விசா இருக்கும் எல்லாப் பயணத்துக்கும், படிப்பு எதுவானாலும், ஒப்பந்தத்தின் பதிவு வேண்டும். ஒப்புதல் என்ற பெயரில் இன்னொரு வரிசை வேண்டியதில்லை; வரிசை நீண்டால் கையூட்டும் நீளும்.

இப்படிக் கெடுபிடி செய்தால் வேலைகள் நேபாளத்துக்கும் வங்கதேசத்துக்கும் போய்விடும் என்பது முகவர்களின் வாதம். அது முற்றிலும் பொய்யல்ல. 2020 செப்டம்பரில் வளைகுடாவுக்கான குறைந்தபட்சப் பரிந்துரை ஊதியத்தை மத்திய அரசு குறைத்ததும் வேலைகளைக் காப்பாற்றும் எண்ணத்தில்தான். எதிர்ப்பு எழுந்தபின் 2021-இல் பழைய ஊதியமே திரும்பியது. அதனால் வளைகுடா வாசல் அடைபட்டுவிடவில்லை. வெளிநாட்டில் உழைப்பவர்கள் உள்ளிட்ட இந்தியர்கள் 2024-25-இல் தாய்நாட்டுக்கு அனுப்பிய தொகை 13,500 கோடி டாலருக்கும் மேல். துன்பத்தில் இருப்போருக்குத் தூதரகங்கள் உதவும் நல நிதிகூட, அவர்களே தூதரகச் சேவைகளுக்குச் செலுத்தும் கட்டணத்தில் சேர்வதுதான்.

குவைத்தின் மங்காஃப் பகுதியில் 2024 ஜூன் 12 அன்று தொழிலாளர் குடியிருப்பில் பற்றிய தீயில் 45 இந்தியர்கள் மாண்டனர். அவர்களில் 7 பேர் தமிழர்கள். உடல்கள் வந்த விமானம் முதலில் கொச்சியில்தான் இறங்கியது. வளைகுடாத் தொழிலாளர் பற்றி நாடாளுமன்றத்தில் ஓயாமல் கேள்வி எழுப்புபவர்களும் கேரள உறுப்பினர்களே. ஆனால் குடிபெயர்வு ஒப்புதல் பெற்றுச் செல்வோரில் முன்னணியில் இருப்பவை உத்தரப் பிரதேசமும் பிகாரும். மக்களவையில் அவ்விரு மாநிலங்களுக்கும் 120 இடங்கள், கேரளத்துக்கு 20. புதிய மசோதா மீதான விவாதத்தில் அந்த 120 பேரில் எத்தனை பேர் எழுந்து பேசுவார்கள் என்பதைப் பொறுத்தே, முகவரின் பொறுப்பு சட்டத்தில் இடம்பெறுமா, வெறும் திருத்தத் தீர்மானமாகக் குரல் வாக்கெடுப்பில் தோற்குமா என்பது முடிவாகும்.