குப்பைக் கணக்கில் நாம் யோக்கியரா?

காற்றுப் புகாமல் அழுகும் குப்பையிலும் சாக்கடையிலும் மீத்தேன் வாயு உண்டாகிறது. சாண எரிவாயு அடுப்பில் எரிகிற அதே வாயுதான். அடுப்பில் எரிந்தால் சோறு வேகும். எரியாமல் வானில் கலந்தாலோ, எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். இது நூறாண்டுக் கணக்கு.

எந்த நாட்டின் கழிவு எவ்வளவு சூடேற்றுகிறது என்பதைத் தலைவீதத்தில் ஒப்பிடுகிறார்கள். கரியமில வாயு அளவில் சொன்னால், அமெரிக்காவில் ஆண்டுக்குத் தலைக்குச் சுமார் 500 கிலோ. இந்தியாவில் 60 கிலோ அளவில்தான். எட்டில் ஒரு பங்கு என்று நாம் மார்தட்டிக் கொள்ளலாமா?

கூடாது என்பதே என் கருத்து. ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே ஒருவர் ஆண்டுக்கு 600 கிலோ குப்பை போடுகிறார். நாம் போடுவது அதில் பாதிகூட இல்லை. ஆனாலும் கழிவு வாயுக் கணக்கில் அவர்களும் ஏறத்தாழ நம் அளவில்தான் நிற்கிறார்கள். மட்கும் குப்பையை அப்படியே புதைக்க 2005-ல் அங்கே தடை வந்தது. பிரித்தார்கள், உரமாக்கினார்கள், மீதியை எரித்து மின்சாரம் எடுத்தார்கள். எரிப்பதால் வரும் வாயு வேறு கணக்கில் சேரும் என்பது உண்மையே. ஆயினும் 1990-ல் இருந்ததில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைத்துவிட்டார்கள்.

அவர்கள் கணக்கு முயன்று குறைத்தது. நம் கணக்கு, வாங்குவதும் எறிவதும் குறைவாக இருப்பதால் குறைந்தது. இன்னொரு காரணமும் உண்டு. நம் குப்பைமேடுகள் பெரும்பாலும் தாழ்வானவை. காற்றுப் படுவதால் மீத்தேன் மட்டுப்படுகிறது. அதையே நாளை உயரமாகக் குவித்தோ ஆழமாகப் புதைத்தோ வைத்தால் ஊர் சுத்தமாகத் தோன்றும், மீத்தேன் கூடிவிடும்.

இதில் கம்பம் பள்ளத்தாக்குக் குடியானவருக்கு என்ன அக்கறை? நிறைய உண்டு. குப்பை என்றாலே ஒரு காலத்தில் எரு என்றுதான் பொருள். வயலுக்குக் குப்பை அடிப்பது என்று இன்றும் சொல்கிறோம். பெரியாற்று நீரில் இருபோகம் காணும் 14,707 ஏக்கர் நெல் வயலும், அதற்கப்பால் திராட்சை, வாழை, தென்னந்தோப்புகளும் எருவுக்கு ஏங்குகின்றன. மாடு குறைந்துவிட்டது, எருக்குழி தூர்ந்துவிட்டது. நாம் விளைவித்துச் சந்தைக்கு அனுப்பிய காயும் இலையும் மிச்சமாகி, நகரத்துக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கோடு கலந்து அழுகுகின்றன.

கணக்குப் போடுவோம். ஒரு லட்சம் பேர் வாழும் ஊரில் தலைக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ குப்பை என்றால் 50 டன். அதில் பாதி மட்கும் என்று கொண்டால் 25 டன். மட்கியபின் கால் பங்கு தேறினாலும் நாளைக்கு 6 டன் எரு. தேனி அல்லிநகரம் ஏறத்தாழ அந்த அளவு ஊர்தான். கம்பம், சின்னமனூர், போடி, பெரியகுளம் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆனால் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் கலந்த குப்பை உரத்தை எந்த விவசாயி தன் வயலில் இறக்குவார்? ஒருமுறை கொட்டினால் அதைப் பொறுக்கி முடியாது. ஆகவே வீட்டிலேயே பிரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2016-ம் ஆண்டு விதிகளே இதைக் கட்டாயமாக்கின. சட்டம் போட்டும் பழக்கம் வரவில்லை.

உழவர் மன்றங்களும் பாசனச் சங்கங்களும் நகராட்சிகளிடம் ஒன்று கேட்கவேண்டும். பிரித்த மட்கும் குப்பையை உரமாக்கி, சோதித்து, நியாய விலையில் கொடுங்கள். வாங்கிக்கொள்கிறோம் என்று உறுதி கூறவேண்டும். வாங்குவோர் இருந்தால்தான் பிரிப்போருக்கும் ஊக்கம் வரும். நம் வீட்டு எருக்குழியையும் தூர்வாரி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும், மீத்தேன் குறையும், எருவும் சீக்கிரம் மட்கும்.

எரு செய்வது இனத்தான் செய்யான் என்பார்கள். அந்த எருவைக் குப்பைமேட்டில் அழுகவிட்டுவிட்டு, தலைக்கு 60 கிலோதான் என்று பெருமை பேசுவதில் பயனில்லை.