உதிர்ந்த இறகும் பறித்த இறகும்

சென்ற வெள்ளிக்கிழமை பாடசாலையிலிருந்து வந்த என் பேர்த்தி, புத்தகப் பையை வைத்ததும் வைக்காததுமாக, "அம்மம்மா, கைப்பணிக் கண்காட்சிக்கு விசிறி செய்யவேணும். மயிலிறகு வாங்கித் தாங்கோ" என்றாள். மறுநாள் மாலை, திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த எங்கள் வீட்டிலிருந்து இருவரும் திருவிழாக் கடைகளுக்குப் புறப்பட்டோம்.

ஒரு கடையில் மயிலிறகுகள் கட்டுக் கட்டாக இருந்தன. "எல்லாம் தானாக விழுந்தது, அம்மா. பாவமில்லை" என்றார் கடைக்காரர், நான் கேட்குமுன்னரே. ஒரு கட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். இறகுகளின் அடிகள் யாவும் ஒரே மட்டமாக நறுக்கப்பட்டிருந்தன. வாங்காமலே திரும்பினேன். குழந்தையின் முகம் வாடிவிட்டது. "அடியை நறுக்கினால் என்ன, அம்மம்மா?" என்று கேட்டாள். வழிநெடுக அவளுக்குக் கூறிய விடையையே இவ்வாரம் வாசகர்களுக்கும் கூற விழைகின்றேன்.

ஆண் மயில் ஆண்டுக்கொருமுறை, இனப்பெருக்கக் காலம் முடிந்தபின், தன் நெடுந்தோகையைத் தானே உதிர்த்துவிடுகின்றது. அதில் 150க்கும் மேற்பட்ட இறகுகள் உண்டு. நம் நகத்தையும் கூந்தலையும் போலவே இறகும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. வளரும் இறகினுள் குருதி ஓடும்; முற்றியபின் குருதி வற்றி, காம்பு வெறுங் குழலாகிவிடும். ஆகவே தானாக உதிர்ந்த இறகின் அடி உலர்ந்து சுத்தமாக இருக்கும். பறித்த இறகின் அடியிலோ குருதிக் கறையும் தசைத் துணுக்கும் ஒட்டியிருக்கக்கூடும். அடியை நறுக்கிவிட்டால் அந்தச் சாட்சி அழிந்துபோகின்றது.

கடைக்காரர் பொய் சொன்னார் என நான் கூறவில்லை. அழகுக்காகவும் நறுக்கியிருக்கலாம், அந்த இறகுகள் எங்கிருந்து வந்தன என்பதை அவரே அறியாதிருக்கலாம். ஆனால், சாட்சியில்லாத சொல்லை நம்பியதால் விளைந்த கேட்டை உலகம் முன்னொருமுறை கண்டிருக்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மேனாட்டு மாதர் தம் தொப்பிகளில் வெண்கொக்கின் மெல்லிறகுகளைச் சூடுவது நாகரிகமாயிருந்தது. தம்பலகாமத்து வயல்களில் நாம் காணும் கொக்குகளின் இனத்தவையே அவை. அவ்விறகுகள் கூடுகட்டும் பருவத்தில்தான் முளைப்பவை. ஆதலால் வேடர் கூடுகளின் அருகிலேயே தாய் தந்தைப் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். குஞ்சுகள் பட்டினியால் மாண்டன. தாம் உதிர்ந்த இறகுகளையே பொறுக்கி விற்பதாக அன்றைய வியாபாரிகளும் கூறினர்! 1889இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் எமிலி வில்லியம்சன் என்னும் பெண்மணி, இவ்விறகுகளை அணிவதில்லை என உறுதிபூண்ட மாதரைக் கொண்டு ஒரு சங்கம் அமைத்தார். பறவைகளைக் காக்கும் அரச சங்கமாக இன்று விளங்குவது அதுவே. 1902இல் பிரித்தானிய இந்திய அரசாங்கம் காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதியைத் தடைசெய்தது. 1921இல் பிரித்தானியா இறக்குமதித் தடைச் சட்டம் இயற்றியது. வாங்கும் கைகள் முதலில் விலகின. சட்டம் பின்னால் வந்தது.

நம் நாட்டில் மயிலும் கொக்கும் 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காவலில் உள்ளவை. ஐயம் எழுந்தால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தைக் கேட்டறிதல் நலம். இந்தியாவில் மயிலிறகை உள்நாட்டில் விற்க இடமுண்டு. ஏற்றுமதி செய்யத் தடையுண்டு. எனவே "இந்தியாவிலிருந்து வந்தது" என்பதும் போதிய சமாதானமாகாது. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவாயிற்று. அங்கே விழுந்து கிடக்கும் இறகையும் எடுத்தல் ஆகாது.

அப்படியாயின் கைப்பணிக்கு இறகே இல்லையா? ஏன் இல்லை? வீட்டுக் கோழியும் வாத்தும் ஆண்டுதோறும் இறகு மாற்றுகின்றன. அவ்விறகுகளைப் பொறுக்கி, இளஞ்சூடான சவர்க்கார நீரில் அலசி, நன்றாக உலர்த்துங்கள். பின் உறையிலிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் சில நாள் வைத்தால் பூச்சிகள் மடியும். வெண்ணிற இறகுகளை மஞ்சளும் சிறிது வினாகிரியும் கலந்த வெந்நீரில் தோய்த்தால் நல்ல நிறம் ஏறும். இறந்து கிடக்கும் பறவையைத் தொடவேண்டாம். இறகு பொறுக்கிய கைகளைக் கழுவ மறக்கவும் வேண்டாம்.

மயில் குளிரில் நடுங்குகிறதென எண்ணித் தன் போர்வையையே ஈந்தவன் பேகன். அவனைப் புகழும் நாம் அதன் போர்வையைப் பறிப்போர்க்குத் துணைபோகலாமா?

பேர்த்தியின் விசிறி, அடுத்த வீட்டுப் பேட்டுக்கோழி தந்த இறகுகளால், மஞ்சள் நிறத்தில் உருவாயிற்று. மயிலிறகளவு அழகில்லைத்தான், அவளும் அதை ஒப்புக்கொள்கிறாள். ஆயினும் பார்ப்பவர்களிடமெல்லாம் விசிறியைத் திருப்பிக்காட்டி, நறுக்காத அடிகளை முதலில் பார்க்கச் சொல்கிறாள்.