பேய் பிடிக்கவில்லை, புழு பிடித்திருக்கிறது!

கை கால் வெட்டி இழுக்கிறது. வாயிலே நுரை தள்ளுகிறது. கண்கள் மேலே செருகிக்கொள்கின்றன. ஓடி வந்தவர்கள் கையிலே இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். "பேய் பிடித்திருக்கிறது" என்று பெரியவர் ஒருவர் தீர்ப்பு வழங்குகிறார். பிறகென்ன! பூசாரி வருகிறார், உடுக்கை வருகிறது, வேப்பிலை வருகிறது. கோழி போகிறது, கூலிப்பணம் போகிறது. பேய் மட்டும் போவதில்லை!

எப்படிப் போகும், தோழர்களே? வந்திருந்தால்தானே போவதற்கு!

காக்காய் வலிப்பு என்று நம் மக்கள் அழைக்கும் இந்த நோய்க்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று பன்றி நாடாப்புழு. அந்தப் புழு பரவியுள்ள நாடுகளில் வலிப்பு நோயாளிகளுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு அதுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கடல் கடந்த நாட்டுக் கதை என்று எண்ணிவிட வேண்டாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வேலூர் மாவட்டத்திலே 50,000 பேருக்கு மேற்பட்ட மக்களிடையே வலிப்பு நோயாளிகளைத் தேடிக் கண்டு சோதித்தனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவின் வேலை என்று 2006இல் எழுதினர். ஆம், நம் வேலூரில்!

புழு மூளைக்கு எப்படிப் போகிறது? நன்றாக வேகாத பன்றிக்கறியிலே புழுவின் இளங்குஞ்சு சிறு கொப்புளமாக ஒட்டியிருக்கும். அதைத் தின்றவன் குடலிலே அது நாடாப்புழுவாக வளர்கிறது. பல அடி நீளம் நீள்கிறது. அவனுக்கு அதனால் பெருந்தொல்லை இல்லை. புழு இருப்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் புழுவின் துண்டுகள் முட்டைகளோடு மலத்தில் வெளியேறுகின்றன. ஒரு துண்டிலே பல்லாயிரம் முட்டைகள்! கழிப்பிடம் இல்லாத ஊரில் மலம் வெட்டவெளியில் கிடக்கிறது. அதைப் பன்றி தின்றால், பன்றியின் தசையிலே மீண்டும் கொப்புளம். மனிதன் விழுங்கினாலோ, அந்த முட்டை பொரிந்து, இரத்தத்தில் கலந்து, மூளையிலே போய்க் குடியேறுகிறது. அங்கே கொப்புளம் கட்டுகிறது. வலிப்பு வருகிறது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குங்கள். கறி தின்றவனுக்குக் குடலிலே புழு. மூளையிலே கொப்புளமோ, முட்டையை விழுங்கியவனுக்கு. முட்டை வருவது கறியில் அல்ல. கழுவாத கையில், அசுத்த நீரில், நீரில் அலசாத கீரையில். ஆகவே, "பன்றி தின்னும் சாதிக்கு வரும் நோய்தானே" என்று மூக்கைப் பொத்திக்கொள்ளும் மேதாவிகளைக் கேட்கிறோம்: பன்றிக்கறியைக் கண்ணாலும் காணாத சைவருக்கு இந்த நோய் வருகிறதே, எப்படி?

நியூயார்க் நகரத்திலே பன்றிக்கறியை மதமே விலக்கிய யூதர்கள் நால்வரின் மூளையில் இதே கொப்புளங்கள் இருந்தது 1992இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. அந்த வீடுகளில் வேலை செய்தோரைச் சோதித்தபோது ஒருவர் குடலிலே நாடாப்புழு இருந்தது. அந்த ஏழைப் பணியாளைப் பழிக்கலாமா? புழுவோடு வாழும்படி அவரை விட்டுவைத்த அரசுகளையல்லவா கேட்க வேண்டும்! மாளிகையின் மதில் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் குடிசையின் நோய் அதைத் தாண்டிவிடும். குடிசைக்கு மருத்துவம் கிடைக்காதவரை மாளிகைக்கும் காப்பு இல்லை.

மேற்கு நியூகினி மலைகளிலே எகாரி என்றொரு மக்கள். குளிருக்காகக் குடிசையின் நடுவே தீ மூட்டி, அதைச் சுற்றிப் படுத்துறங்குவது அவர்கள் வழக்கம். 1970களின் தொடக்கத்திலே அங்கே தீக்காயங்கள் பெருகின. தூக்கத்தில் வலிப்பு வந்து, நெருப்பிலே விழுந்தார்கள் அந்த மக்கள். பாலித் தீவிலிருந்து அரசு அன்பளிப்பாக அனுப்பிய பன்றிகளோடு புழுவும் வந்து சேர்ந்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதினர். அன்பளிப்பு அனுப்ப அரசுக்கு நேரம் இருந்தது. அனுப்புமுன் சோதிக்கத்தான் நேரம் இல்லை! தொலைவில் வாழும் ஏழையை ஆட்சிப் பீடம் எப்படி நினைக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

டில்லியும் அப்படித்தான் நினைக்கிறது. 2019 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியார் பிறந்த நாளிலே, சபர்மதியில் நின்று, கிராமப்புற இந்தியாவில் வெட்டவெளியில் மலங்கழிக்கும் வழக்கம் ஒழிந்தது என்று பிரதமர் மோடி அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. அதே ஒன்றிய அரசின் தேசியக் குடும்பநல ஆய்வு, 2019–21இல் எடுத்தது, என்ன சொன்னது? நாட்டின் குடும்பங்களில் 19 விழுக்காட்டுக்குக் கழிப்பிட வசதியே இல்லை என்றது! மேடையிலே ஒழிந்தது, மேட்டுக்காட்டிலே ஒழியவில்லை. புழு மேடைப் பேச்சைக் கேட்பதில்லை, தோழர்களே!

இந்த நோயை ஒழிக்கவே முடியாதா? முடியும். ஒழித்துவிடக்கூடிய நோய் என்று 1993லேயே உலக மருத்துவ வல்லுநர் குழு அறிவித்தது. குடலில் உள்ள புழுவுக்கு ஒரே வேளை மருந்து போதும். பன்றிக்கும் மருந்து உண்டு, தடுப்பூசியும் உண்டு. அந்தத் தடுப்பூசி எங்கே தயாராகிறது தெரியுமா? நம் அண்டையிலுள்ள ஐதராபாத்திலே! பெரு நாட்டின் வடகோடியில், தும்பேஸ் பகுதியின் 107 கிராமங்களிலே, மக்களுக்கு மருந்து, பன்றிக்கு மருந்தும் ஊசியும் என்று ஒருங்கே கொடுத்துப் பார்த்தனர். 105 கிராமங்களில் நோய் பரவுவது நின்றது. 2016இல் உலகறிய வெளியான செய்தி இது. ஐதராபாத் ஊசி நம் சேரிப் பன்றிக்குக் கிடைக்க எத்தனை காலம் காத்திருப்பது?

குடற்புழு நீக்க நாள் கொண்டாடுகிறோமே என்பார்கள். 2015 முதல் நடக்கும் அந்தத் திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அது 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, வேறு வகைப் புழுக்களுக்கு. அந்த ஒரு வேளை மாத்திரையை நம்பி நாடாப்புழுவை விட்டுவிட முடியாது. முட்டை பரப்பும் பெரியவர்களோ கணக்கிலேயே இல்லை.

ஆகவே நாம் கேட்பது இவை. வலிப்பு நோயாளிகளைக் கிராமந்தோறும் கணக்கெடுக்க வேண்டும். மூளையைப் படம் பிடித்துப் பார்க்கும் வசதி ஏழைக்குக் காசில்லாமல் கிடைக்க வேண்டும். பன்றி வளர்ப்போரை ஊரை விட்டு விரட்டுவது மருத்துவம் ஆகாது. அது ஏழையின் பிழைப்பைப் பறிக்கும் பழைய சாதித் திமிர்! அவர்களுக்குப் பட்டி அமைக்கக் கடனும், பன்றிக்குத் தடுப்பூசியும் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வீடு கழிப்பிடமும், அதிலே ஊற்றத் தண்ணீரும் வேண்டும். தண்ணீரில்லாத கழிப்பிடம் விறகு அடுக்கும் அறையாகத்தான் பயன்படும்.

அரசு செய்யட்டும். அதுவரை நாம் சும்மா இருப்பதா? கிளைக் கழகத் தோழர்களே! உங்கள் தெருவில் வலிப்பு வந்து வாடும் பெண்ணுக்குத் திருமணம் தடைபட்டிருக்கும். இளைஞனுக்கு வேலை போயிருக்கும். அவர்களைத் தேடிச் செல்லுங்கள். பூசாரி வீட்டுக்குப் போகும் வண்டியை மருத்துவமனைக்குத் திருப்புங்கள். கடையிலே தாமாகப் புழு மருந்து வாங்கித் தர வேண்டாம். மூளையில் கொப்புளம் இருந்தால் அதுவே வலிப்பைக் கிளப்பும், மருத்துவர் பார்த்தே தர வேண்டும். கறியை நன்றாக வேகவைக்கச் சொல்லுங்கள். சமைக்குமுன்னும் உண்ணுமுன்னும் சோப்பிட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். படிப்பகங்களிலே பேசுங்கள், திண்ணைகளிலே பேசுங்கள்.

மூடநம்பிக்கையை ஒழிப்போம் என்று மேடையேறி முழங்கினோம். வலிப்பு வந்த ஒருவரையாவது இந்த மாதம் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால், அந்த முழக்கத்துக்குப் பொருள் உண்டாகும். புறப்படுங்கள், தோழர்களே!