விழா மேசையில் திராட்சை இரசம்



கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும்போது இராயபுரத்துத் தெருக்களில் பலகார மணத்தோடு திராட்சை இரசத்தைப் பற்றிய பேச்சும் எழுகின்றது. நவம்பர் மாதத்திலேயே பீங்கான் ஜாடியில் பழமும் சர்க்கரையும் இட்டு, துணி கட்டி வைக்கும் வீடுகள் இங்கு உண்டு. அத்தகைய வீட்டுத் தாய் ஒருவர் அண்மையில் என்னிடம் வினவினார்: "என் கணவர் குடியை விட்டு ஒன்பது மாதங்கள் ஆகின்றன. மாமியார் காலத்திலிருந்து விழாவுக்கு இரசம் வைப்பது எங்கள் வழக்கம். பூசையிலேயே பயன்படுவதுதானே, அதிலென்ன தவறு என்கிறார்கள் உறவினர். வைக்கலாமா?"

முதலில் பழத்தைப் பற்றி அறிவோம். நம் சந்தைக்கு வரும் கருநிறப் பன்னீர்த் திராட்சை, தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் விளைவது. மஸ்கட் ஹாம்பர்க் என்பது அதன் இனப்பெயர். 1832-இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் திராட்சையைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. முல்லைப் பெரியாற்று நீரும், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மண்ணும் தட்பவெப்பமும் சேர்ந்து அங்கே ஆண்டு முழுவதும் அறுவடை தருகின்றன. 2023-இல் இப்பழத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இச்சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு சாராயமாக மாற்றுவதே புளித்தலாகும். "வீட்டில் செய்தது, போதையில்லை" என்பது வீண் நம்பிக்கை. ஜாடியில் நன்கு புளித்த இரசத்தில் பீரில் உள்ளதைவிட மிகுதியாகவே சாராயம் இருக்கக்கூடும். 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம் என்பதையும் மறவாதீர்.

பூசையில் பயன்படுவது உண்மையே. இரசம் திராட்சைக் கொடியின் கனியிலிருந்து பெற்ற இயல்பானதாயும் கெடாததாயும் இருக்கவேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 924-ஆம் எண்ணில் விதிக்கின்றது. ஆயினும் சிறிதளவு இரசமும் அருந்த இயலாதவர் புளிப்பேறாத புதுச் சாற்றைப் பயன்படுத்த ஆயர் அனுமதி அளிக்கலாம் என்று உரோமைப் பேராயம் 2003-இல் எழுதியது. 'மஸ்தும்' என்பது அதன் பெயர். பீடத்திலேயே பலவீனமுற்றவருக்கு இவ்வளவு பரிவு காட்டப்படுமாயின், நம் வீட்டு மேசையில் அப்பரிவு வேண்டாமா?

ஆகவே அத்தாய்க்கு நான் கூறியது இதுவே: ஜாடியை இவ்வாண்டு கவிழ்த்து வையுங்கள், பழத்தை விடவேண்டாம். ஒரு கிலோ பன்னீர்த் திராட்சையைக் கழுவி, காம்பு நீக்கி, அரை டம்ளர் நீருடன் எவர்சில்வர் பாத்திரத்தில் இளந்தீயில் வேகவிடுங்கள். தோல் வெடித்ததும் கரண்டியால் மசித்து வடிகட்டுங்கள். மிக்ஸியில் அரைத்தால் விதை நொறுங்கிக் கசக்கும். இரண்டு ஏலக்காய், சிறு துண்டு பட்டை, தேவையான சர்க்கரை சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். குளிர்ப்பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாட்களுக்குள் அருந்திவிடுங்கள்; மேலும் வைத்தால் அதுவும் புளிக்கத் தொடங்கும்.

எதனோடு பரிமாறுவது? கேக்கும் கல்கல்லும் இனிப்பு, இதுவும் இனிப்பு, இரண்டும் சேர்ந்தால் திகட்டும். அவற்றுக்குக் காப்பியே பொருத்தம். காசிமேட்டு வஞ்சிர வறுவல், இறால் தொக்கு, மிளகு மிகுந்த ஆட்டுக்கறி ஆகியவற்றோடு கொடுங்கள். சாற்றின் இனிப்பு காரத்தைத் தணிக்கும். இளம்புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். கணவருக்கு மட்டும் சாறும் மற்றவர்க்கு இரசமும் வைத்தால் அவர் தம் வீட்டிலேயே நோயாளியாவார். எல்லாக் கிண்ணங்களிலும் ஒன்றையே ஊற்றுங்கள். கானாவூரில் ஆண்டவர் காத்தது ஒரு குடும்பத்தின் மானத்தை அல்லவா?