பழைய ஆழமானியை நம்பலாமா?

ஸ்கூபா டைவிங்கை விட்டுப் பதினைந்து, இருபது ஆண்டு ஆனவர்கள் மறுபடி கடலுக்குப் போக நினைத்தால், முதலில் பரணிலிருந்து இறங்குவது பழைய பை. ரப்பர் உடை வெடித்திருந்தால் கண்ணுக்கே தெரிந்துவிடும். மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டரைக் கடையில் கொடுத்துப் பிரித்துச் சரிபார்க்க வேண்டும் என்பதும் தெரிந்ததே. குழப்பம் வருவது அளக்கும் கருவிகளில்தான். கண்ணாடியைத் துடைத்தால் முள் பூஜ்யத்தில் ஒழுங்காக நிற்கிறது. பிறகென்ன என்று தோன்றும். ஆனால் கரையில் இருக்கும்போது நல்ல மானியும் பூஜ்யம் காட்டும், கெட்ட மானியும் பூஜ்யம் காட்டும்.

அழுத்தமானியிலிருந்து தொடங்கலாம். சிலிண்டரில் எவ்வளவு காற்று மீதமிருக்கிறது என்று சொல்வது இது. நிரம்பிய சிலிண்டரில் அழுத்தம் சுமார் 200 பார். ஒரு பார் என்பது கடல்மட்டத்தில் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்துக்கு ஏறக்குறையச் சமம். மானியின் உள்ளே இருப்பது போர்டன் குழாய்; 1849-இல் பாரிஸில் யூஜின் போர்டன் காப்புரிமை பெற்ற அமைப்பு. தட்டையாக்கி வில்போல் வளைத்த உலோகக் குழாய் அது. திருவிழாக் கடைகளில் விற்கும், ஊதினால் நீளும் காகிதச் சுருளைப் போல, உள்ளே அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும். அந்த அசைவு மிகச் சிறியது. பற்சக்கரங்கள் அதைப் பெருக்கி முள்ளைச் சுழற்றுகின்றன.

குழாய் எளிதில் கெடுவதில்லை. கெடுவது அதைச் சுற்றியுள்ளவை. கசிந்து புகுந்த உப்புநீர் காய்ந்து பற்சக்கரத்தில் களிம்பேற்றும். அப்போது முள் ஏறும்போது ஒழுங்காக ஏறி, இறங்கும்போது ஓரிடத்தில் சிக்கும். உண்மையில் 20 பார் இருக்க, முள் 50-இல் நின்றால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே சோதிக்க வேண்டியது இறக்கத்தைத்தான். சிலிண்டரில் பொருத்தி, வால்வைத் திறந்து, மறுபடி மூடி, ரெகுலேட்டர் வழியாகக் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்ற வேண்டும். முள் துள்ளாமல், நிற்காமல் பூஜ்யம்வரை இறங்க வேண்டும். வால்வைத் திறக்கும்போது மானியின் முகம் யாரையும் பார்க்கக் கூடாது. உள்ளே குழாய் வெடித்தால் கண்ணாடி தெறிக்கலாம். அதைத் தடுக்கப் பின்புறம் ஒரு ரப்பர் அடைப்பான் வைத்திருப்பார்கள், ஆனால் அந்த ரப்பருக்கும் வயது ஆகியிருக்கிறது.

ரெகுலேட்டரிலிருந்து வரும் ரப்பர் குழாயும் மானியும் சேரும் இடத்தில் சுழலும் சிறு உலோகத் தண்டு ஒன்று உண்டு. அதில் இரண்டு குட்டி ஓ-ரிங்குகள், அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள். நெடுநாள் ஒரே நிலையில் நெருக்குண்டு கிடந்தால் வளையத்தின் உருண்டை வடிவம் போய்த் தட்டையாகிவிடும். தண்ணீருக்குள் மானியின் கழுத்திலிருந்து வரிசையாகக் குமிழி வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். கடைக்காரருக்குச் சில நிமிட வேலை.

ஆழமானியின் கதை வேறு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் சுமார் ஒரு பார் கூடுகிறது. ஆழமானி அந்த அழுத்தத்தை அளந்து மீட்டராகக் காட்டுகிறது. எண்ணெய் நிரப்பிய பெட்டிக்குள் இரு முனையும் மூடிய போர்டன் குழாய் இருக்கும். வெளியே நீர் அழுத்த, எண்ணெய் அதைக் குழாய்க்குக் கடத்த, சுருள் இறுகுகிறது. எண்ணெய் கசிந்து கண்ணாடிக்கு அடியில் பெரிய குமிழி தெரிந்தால் அந்த மானியை ஒதுக்கிவிடலாம்.

குமிழி இல்லாவிட்டாலும் அளவு நகர்ந்திருக்கக் கூடும். சிறு பிழைதானே என்று விட முடியாது. அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணையில், மேலே வரும் வழியில் நிற்காமல் திரும்ப 100 அடி ஆழத்தில் 25 நிமிடம் இருக்கலாம். 110 அடியில் 20 நிமிடம்தான். மானி பத்து அடி, அதாவது சுமார் மூன்று மீட்டர், குறைத்துக் காட்டினால், உங்களுக்குத் தெரியாமலே ஐந்து நிமிடம் கடன்.

தோட்டத்தில் ஆழமான கிணறு வைத்திருப்பவர்கள் இதை ஓரளவு வீட்டிலேயே சோதிக்கலாம். பல மானிகளில், முதன்மை முள் ஏறும்போது தள்ளிக்கொண்டு போகும் இரண்டாவது முள் ஒன்று உண்டு. முதன்மை முள் திரும்பினாலும், தொட்ட அதிகபட்ச ஆழத்தில் அது நின்றுவிடும். மீட்டர் குறித்த கயிற்றில் எடையோடு மானியைக் கட்டி, நீர்மட்டத்திலிருந்து 5 மீட்டர் இறக்கித் தூக்கிப் பார்க்க வேண்டும். முள்ளைப் பின்தள்ளிவிட்டு மறுபடி 10 மீட்டர். நன்னீர் கடல்நீரைவிட லேசானது என்பதால், கடலுக்காக அளவிட்ட மானி 10 மீட்டர் கிணற்று நீரை ஏறக்குறைய 9.7 என்று காட்டும். அது பிழை அல்ல. ஆனால் கிணறு சொல்வது கிணற்றின் ஆழம்வரைதான். 30 மீட்டருக்கு அழுத்தக் கலம் உள்ள பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டும்.

திசைகாட்டியும் கைக்கடிகாரமும் சுலபம். திசைகாட்டியைச் சமமாகப் பிடித்துக் காந்தத்தால் கலைத்தால் தட்டு தானே வடக்குக்குத் திரும்ப வேண்டும். கடிகாரத்துக்குப் புது ஓ-ரிங் போட்டு அழுத்தச் சோதனை செய்தால் போதும். ஒரு எச்சரிக்கை மட்டும்: 1950-களின் கடிகாரங்கள் பலவற்றின் ஒளிரும் பூச்சில் ரேடியம் இருந்தது. ஒளி அணைந்திருக்கலாம், ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. அத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறக்க வேண்டாம்.

கடினமான கேள்வி டைவ் கம்ப்யூட்டர். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் அது குமிழியாகி, அழுத்தநீக்க நோய் எனப்படும் வலியும் முடக்கமும் வரலாம். எவ்வளவு கரைந்தது என்பதை நேரடியாக அளக்க வழியில்லை, கணிக்கத்தான் முடியும். 1908-இல் ஹால்டேன் என்ற உடலியல் ஆய்வாளர் உடலை ஐந்து கற்பனைப் பகுதிகளாகப் பிரித்துக் கணக்கிட்டார். பின்னாளில் பியூல்மன் என்ற இன்னொரு ஆய்வாளர் 16 பகுதிகள் வைத்தார். கம்ப்யூட்டர் ஆழத்தையும் நேரத்தையும் அளந்து, இப்படியொரு கணக்கைத் தொடர்ந்து போடுகிறது.

எனவே கம்ப்யூட்டருக்கு இரண்டு விதமான வயது உண்டு. பேட்டரியும் அதன் மூடியின் ஓ-ரிங்கும் ஒரு வயது. பேட்டரி ஒழுகிப் பச்சை படியாதிருந்தால் மாற்றிவிடலாம், சில பழைய வகைகளில் தயாரிப்பாளர்தான் மாற்ற முடியும். கணக்கின் வயது இன்னொன்று. அமெரிக்கக் கடற்படை மேலேறும் வேகத்தை நிமிடத்துக்கு 60 அடியிலிருந்து 30 அடியாகக் குறைத்தது 1993-இல்தான். அதற்கு முந்தைய கம்ப்யூட்டர் எந்த வேகத்தை வைத்துக் கணக்கிடுகிறது என்று கையேட்டைப் பார்த்தே சொல்ல முடியும். பல பழையவற்றுக்கு, ஆக்ஸிஜன் கூட்டிய நைட்ராக்ஸ் காற்று என்றால் என்னவென்றே தெரியாது. அணிந்தவருக்கு இருபது வயது கூடியிருப்பதும் தெரியாது.

என் கணிப்பில் அழுத்தமானியும் ஆழமானியும் செலவழித்துச் சரிசெய்யத் தக்கவை. அவற்றின் வேலை மாறவில்லை, சோதனைக்கும் உட்படும். பழைய கம்ப்யூட்டரின் கணக்கை நம்பி மட்டும் இறங்க நான் சொல்லமாட்டேன். ஆழமும் நேரமும் சரியாகக் காட்டினால் துணைக்கருவியாகக் கையில் கட்டிக்கொள்ளலாம். புதுச்சேரியிலோ அந்தமானிலோ முதல் சில இறக்கங்களுக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து, பழையதைப் பக்கத்தில் வைத்து, இரண்டும் எங்கே பிரிகின்றன என்று 10, 12 மீட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.