எலாஸ்டிக் டிரவுசர்
ப்ரீ-கேஜி சேர்க்கை விண்ணப்பத்தில் ‘பிள்ளை தானாகக் கழிப்பறை போகுமா?’ என்று கேட்டால் யார்தான் ‘இல்லை’ என்று எழுதப்போகிறார்கள்? உண்மை நிலவரம் ஜூன் மாதம் பள்ளி ஆயாவுக்குத் தெரிந்துவிடும். மூன்று வயதில் ‘வருது’ என்று சொல்லத் தெரிந்திருக்கும். ஆனால் சீருடை டிரவுசரிலோ கொக்கி, ஜிப், போதாக்குறைக்கு ஒரு பெல்ட். அதோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். யூகேஜி வரைக்கும் எலாஸ்டிக் டிரவுசர்தான் என்று பள்ளிகள் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கட்சி. மீதிப் பாதி, கழுவுவது. வீட்டில் பாட்டி கழுவிவிட, குனிந்து நின்றே பழகிய பிள்ளைக்குப் பள்ளியில் வாளியும் கப்பும் காத்திருக்கின்றன. வலது கையில் கப்பைச் சாய்த்து, இடது கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுவ வேண்டும். நமக்கு யோசிக்காமல் வருவது, அந்தக் குட்டிக் கைக்குப் பெரிய வித்தை. விடுமுறையிலேயே, உடம்பெல்லாம் நனைந்தாலும் பரவாயில்லை என்று பழக்கிவிட வேண்டியதுதான். பெண் பிள்ளைகளுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவவும் சொல்லித்தர வேண்டும், இல்லாவிட்டால் மலக்கிருமி சிறுநீர்ப் பாதையில் தொற்றிக்கொள்ளும். இதைப் பேசக் கூச்சப்படும் வீடுகள்தான் விருந்தாளி முன்னால் ‘ஏ ஃபார் ஆப்பிள்’ ஒப்பிக்க வைக்கின்றன. திட்டு விழுமோ என்று பயந்து, வேன் வீடு வந்து சேரும்வரை அடக்கிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. மலச்சிக்கல் பல நேரம் அங்கேதான் தொடங்குகிறது. சாயங்காலம் பையில் தண்ணீர் பாட்டில் காலையில் நிரப்பியபடியே திரும்பி வந்தால், அது மறதி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.