மாடிக் குடித்தனம்

போன மாசம் நாச்சியாபுரம் போயிருந்தேன். வீட்டுக்குள் கால் வைத்ததுமே சித்தப்பா, ‘‘இப்ப எங்கேடா வேலை?’’ என்றார். பி.காம். முடித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கக் கூடாத கேள்வி. நான் மென்று விழுங்க, அவர் கொல்லைப்புறம் கை காட்டினார்.

‘‘மாமரத்துல ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு, புல்லுருவி. அதுவும் உன்னை மாதிரித்தான்!’’

ரோஷம் வந்தது. சாப்பிட்டுவிட்டு (சாப்பாட்டில் நான் ரோஷம் காட்டுவதில்லை) மரத்தடிக்குப் போனேன். உச்சிக் கொப்பில் தடித்த இலைகளோடு ஒரு புதர். அதில் குழல் குழலாய் ஆரஞ்சுப் பூக்கள். மாமரத்தில் ஏது சார் ஆரஞ்சுப் பூ?

சித்தப்பா சொன்னதில் பாதி அபாண்டம். புல்லுருவிக்கும் பச்சை இலை உண்டு. வெயிலை வைத்துச் சாப்பாட்டைப் பெரும்பாலும் தானே சமைத்துக்கொள்கிறது. மாடியில் தனிச் சமையல். தண்ணீர், உப்புச்சத்து மட்டும் வீட்டுக்காரர் கணக்கு. பட்டையைத் துளைத்துக் கட்டைக்குள் வேரை இறக்கி உறிஞ்சும். வம்பே அங்கேதான். தண்ணீர் குறைந்தால் மாமரம் இலைத் துளைகளை மூடிச் சிக்கனம் பிடிக்கும். மாடிக்காரரோ குழாயைத் திறந்தே வைத்திருப்பார். சிவகங்கைச் சீமை வறட்சியில் இது தாங்குமா? ஒட்டிய இடத்துக்கு அப்பால் கொப்பு காய ஆரம்பிக்கும்.

குடி வைக்கும் புரோக்கர், பூங்கொத்தி. தேன்சிட்டைவிடச் சின்னக் குருவி. பழத்தை விழுங்கும். கொட்டையைச் சுற்றிக் கோந்து. வெளியே வரும்போது ஒட்டிக்கொண்டு விழாது. பாவம், குருவி கிளையில் பின்பக்கத்தைத் தேய்த்துத் துடைக்கும். அங்கேயே முளைத்துவிடும்! கொங்கணத்தில் இந்தப் புரோக்கர் வேலையைக் கவனித்து 1931-லேயே கட்டுரை எழுதியவர் சலீம் அலி.

நெற்றியில் வைக்கிறோமே சந்தனம், அதுவும் இதற்குத் தூரத்துப் பங்காளிதான். பக்கத்து மரங்களின் வேரில் வாய் வைத்துக் குடிக்கும். மண்ணுக்கடியில் நடப்பதால் பேர் கெடவில்லை. வெள்ளைக்காரர்களோ இன்னொரு பங்காளியைக் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் தொங்கவிட்டு, அதன் அடியில் முத்தம் கொடுத்துக்கொள்கிறார்கள். நாச்சியாபுரத்தில் நான் முயற்சி செய்யவில்லை.

சாயங்காலம் சித்தப்பா தொரட்டியால் இலையை இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தார். ‘‘அது மறுபடி துளிர்க்கும் சித்தப்பா. ஒட்டின இடத்துக்குக் கீழே ஒரு அடி விட்டுக் கொப்பையே வெட்டணும். பழம் பழுக்கிறதுக்கு முந்தியே.’’

அவர் அப்பத்தாவைப் பார்த்தார். அந்தக் கொப்புதான் அதிகம் காய்ப்பது. அதில் காய்க்கிற மாங்காயில்தான் அப்பத்தா ஊறுகாய் போடும். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தது அப்பத்தா.

‘‘மரம் கெடக்கணும்ல? வெட்டுங்கப்பா.’’

அரிவாளோடு ஏறியது நான்தான். அரை மணி நேரம். கட்டெறும்புக் கடி வேறு. கொப்பு விழுந்ததும் சித்தப்பா கீழிருந்து குரல் கொடுத்தார்.

‘‘ராத்திரிக்கும் இங்கேதானேடா சாப்பாடு?’’